எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போகும்?

மின்னோட்டக் கணக்கை மாணவர்கள் எளிதில் போட்டுவிடுகிறார்கள். டார்ச் பல்பில் 0.3 ஆம்பியர் 2 நிமிடம் பாய்ந்தால் மின்னூட்டம் 0.3 × 120 = 36 கூலூம். ஒரு கூலூமுக்கு 6.25 × 10¹⁸ எலக்ட்ரான்கள். ஆக மொத்தம் 2.25 × 10²⁰. "அதற்குள் ஓர் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை என்பார்கள். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள தாமிரக் கம்பியில் அது 3 மில்லிமீட்டர்கூட நகராது! ஒரு கன மீட்டர் தாமிரத்தில் சுமார் 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் உள்ளன. கூட்டம் பெரிது, நகர்வு மெதுவாக இருந்தாலே போதும்.

பிறகு பல்பு எப்படி உடனே எரிகிறது? நான் தையல் மெஷினைக் காட்டுவேன். மிதித்ததும் மேல்சக்கரம் சுற்றுகிறது. பெல்ட்டின் கீழ்ப்பகுதி மேலே வரும்வரை காத்திருப்பதில்லை. கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன.

"மின்னோட்டம் என்றால் எலக்ட்ரான் ஓட்டம்" என்பது உலோகத்துக்குச் சரி, எல்லாவற்றுக்கும் அல்ல. தோல் பதனிடும் இடங்களில் பச்சைத்தோல் உப்பிட்டே வருகிறது. அதைக் கழுவிய நீர் தரையில் தேங்கும். அதில் கட்டற்ற எலக்ட்ரான் இல்லை. சோடியம் அயனி ஒரு பக்கமும் குளோரைடு அயனி எதிர்ப்பக்கமும் நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. மோட்டாரின் பிய்ந்த ஒயர் அந்த நீரில் கிடந்தால், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளையின் ஈரக்கால் போதும்.

9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடையாக்கி, எல்.இ.டி., இரண்டு பென்சில் முனைகள் கொண்டு குடிநீரையும் உப்புநீரையும் ஒப்பிடச் செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், சில விநாடிகள் போதும். வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம்.