இணையவழியில் இணைந்து கற்றல்

போட்டியில் பிறருக்கு உதவுவது தமக்கு இழப்பு எனக் கருதுவோர் உளர். கூகுள் நிறுவனமும் யுடாசிட்டி என்னும் இணையவழிக் கல்வி நிறுவனமும் இணைந்து 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடத்திய கல்வி உதவித்தொகைத் திட்டம் இதற்கு மாறான நெறியைக் கொண்டிருந்தது. வலைத்தள உருவாக்கம், ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கம் ஆகியவற்றைக் கற்க முதற்கட்டத்தில் 50,000 பேருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவர்களுள் 5,000 பேருக்கே மேற்பயிற்சிக்கான உதவித்தொகை உரியதாயிற்று. பாடங்களை நிறைவு செய்ததோடு, உடன் கற்போருக்கு உதவியதும் தேர்வின்போது கருத்தில் கொள்ளப்பட்டது.

வலைப்பக்கத்தின் கட்டமைப்பை எச்.டி.எம்.எல். மொழியும் தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். மொழியும் இயக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் அமைக்கின்றன. காணொலிப் பாடங்களைக் காண்பதனால் மட்டும் இவை கைவருவதில்லை. நாள்தோறும் சிறிது நேரமேனும் தாமே நிரல் எழுதி, உலாவியில் இயக்கிப் பார்த்து, பிழை கண்டு திருத்துதல் வேண்டும். பிறர் எழுதிய நிரலின் பிழையை ஆராய்ந்து விளக்க முற்படுபவர், தாம் தெளிவாக அறியாத இடத்தையும் அப்போதே உணர்கிறார். மீண்டும் பயின்று தெளிகிறார். எனவே, உடன் கற்போருக்கு உதவுதலும் கற்றலின் ஒரு கூறே ஆகும். உதவித்தொகை சிலருக்கே கிட்டும். இவ்வாறு பெறும் திறனோ முயன்றோர் அனைவருக்கும் உரியது.