எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?

மாணவர் இதழ் ஒன்று தொடங்கப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று போன வாரம் வந்து கேட்டீர்கள். அன்று வீட்டில் விருந்தினர் இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கல்லூரியில் தமிழ் கற்பித்த காலம் முழுவதும் ஏதாவது ஒரு மாணவர் இதழ் என் மேசைமேல் இருந்துகொண்டே இருந்தது. ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் உருளையைச் சுற்றியிருக்கிறேன். டி.டி.பி. மையத்தில் பேஜ்மேக்கர் திரைக்கு முன்னால் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். கடைசிச் சில ஆண்டுகளில் பிள்ளைகள் கைபேசியிலேயே முழு இதழையும் கட்டி முடித்ததையும் பார்த்தேன். கருவிகள் மாறின. நான் செய்த பெரிய தவறு மட்டும் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. இதழுக்குப் பெயர் வைப்பதற்கு முன் அதைப் படிக்கப் போகிறவர் யார் என்று முடிவு செய்யுங்கள்.

ஓர் ஆண்டு வேதியியல் துறைப் பொருள்கள் வைக்கும் அறையைக் காலி செய்தபோது, முந்தைய ஆண்டின் மலர் கட்டுக்கட்டாகக் கிடந்தது. சணல் கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. அதன் பொறுப்பாசிரியன் நான். பிரித்துப் பார்த்தேன். முதல் பன்னிரண்டு பக்கம் வாழ்த்துரைகள். பிறகு அறிக்கைகள், குழுப் படங்கள். கதையும் கட்டுரையும் அதற்கும் பின்னால். மாணவர்கள் தங்கள் வகுப்புப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அந்த மலரைச் செய்யும்போது உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும் என்று ஒரு மாணவனிடம்கூட நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் என்று செய்தால் அது ஒருவருக்கும் போய்ச் சேராது. விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாமாண்டு மாணவி, இரண்டு பேருந்து மாறி வரும் மாணவன் என்று கண்ணுக்குத் தெரிந்த முகம் ஒன்றை மனத்தில் வைத்து இதழைக் கட்டுங்கள்.

2. சிறிதாகத் தொடங்குங்கள். டெம்மி 1/8 அளவில் ஒரு ஃபாரம் 16 பக்கம். முதல் இதழுக்கு அது போதும். நடுவில் பின் அடித்துக் கட்டும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தாக வேண்டும். 18 பக்க மேட்டரோடு அச்சகத்துக்குப் போனால், இரண்டு பக்கத்தை வெட்டச் சொல்வார்கள், அல்லது இரண்டு பக்கத்தை இட்டு நிரப்பச் சொல்வார்கள். கடைசி நேரத்தில் இட்டு நிரப்பிய பக்கத்தை வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மாதம் ஓர் இதழ் என்று அறிவித்து மூன்றோடு நிறுத்துவதைவிடப் பருவத்துக்கு இரண்டு என்று சொல்லிச் சொன்ன நாளில் கொடுப்பது மேல்.

3. எல்லாவற்றையும் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்யுங்கள்.

இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வேறு எதில் அடிப்பார்கள் என்று கேட்பீர்கள். டி.டி.பி. மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் இன்னும் வேலை நடக்கிறது. அவை ஒவ்வொன்றிலும் குறியீடு வேறு. ஒன்றில் அடித்த கட்டுரையை இன்னொன்றில் திறந்தால் கட்டம் கட்டமாகவும் ஆங்கில எழுத்தாகவும் தெரியும். 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும் நம் ஊருக்கு அது பழக நெடுங்காலம் ஆயிற்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் முன்வைக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் செய்த இதழ்களின் கோப்புகள் பல இன்று திறப்பதில்லை. திறந்தாலும் படிக்க முடிவதில்லை. அச்சான தாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் எழுத்துக்கு அந்தக் கதி வர வேண்டாம்.

தட்டச்சு தெரியாதவர்களை ஒதுக்காதீர்கள். தாளில் எழுதித் தருபவரின் கையெழுத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து அடித்துக் கொடுங்கள். கைபேசியில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி 2017 முதல் தமிழுக்கும் இருக்கிறது. அது வேகமானது. ஆனால் ழகர ளகரத்தையும் ஒற்றையும் அதன் கையில் விட்டுவிட முடியாது. பேசியவரே ஒருமுறை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

4. படைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று கிடந்தால் எது திருத்திய படி என்று தெரியாமல் பழைய பிழையோடு அச்சேறும். கூகுள் டாக்ஸ் போன்ற பகிர்வு ஆவணத்தில் யார் எந்தச் சொல்லை எப்போது மாற்றினார் என்று பின்னோக்கிப் பார்க்கலாம். எழுதியவரைக் கேட்காமல் வரியை மாற்றாதீர்கள். பரிந்துரையாக வையுங்கள், அவர் ஒப்புக்கொண்டால் ஏற்றுங்கள்.

5. பக்க வடிவமைப்புக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஸ்கிரைபஸ் இலவசம், திறமூலம். எந்த மென்பொருளானாலும் முழு இதழையும் கொட்டுவதற்கு முன் ஒரு பத்தியை இட்டுச் சோதியுங்கள். ‘கொ’, ‘தை’, ‘வௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இவற்றைப் பாருங்கள். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் பிரிந்து நின்றால் அந்தப் பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கவில்லை என்று பொருள். இன்டிசைனில் பத்தி அமைப்பை இந்திய மொழிகளைக் கோக்கும் முறைக்கு மாற்றினால்தான் இது சரியாகும். தெரியாமல் நாள் முழுதும் தவித்தவர்கள் உண்டு. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. ஓர் இதழுக்கு இரண்டு எழுத்துரு போதும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தரை அங்குல அகலப் பக்கத்தை நிறைக்கும் படம் 300 டி.பி.ஐ.யில் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால் 1650 பிக்சல் அகலம் வேண்டும். திரையில் பளிச்சென்று தெரிந்த படம் தாளில் மங்கிப் போய் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

6. புரூஃபை வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் பார்க்க வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையைக் காட்டும், நாவி சந்திப்பிழையைக் காட்டும். இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆனால் சக மாணவியின் பெயரில் உள்ள பிழையை எந்தச் செயலியும் காட்டாது. வாழ்க்கையில் முதன்முறை அச்சில் வரும் பெயர் தப்பாக வந்தால் அந்தப் பிள்ளை இதழைத் தன் வீட்டில் காட்டாது. பெயர்களை மட்டும் தனியாக ஒரு முறை பாருங்கள்.

7. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஐந்து பேரைப் படிக்க வையுங்கள். இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஐந்து பேரும் உங்கள் குழுவில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். நண்பர்களாகவும் இருக்கக் கூடாது. நண்பன் ‘சூப்பர்டா’ என்பான், அதை வைத்து ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. இதழின் டம்மியை, அதாவது மாதிரிப் படியை, கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் முகத்தையும் கையையும் பாருங்கள். எந்தப் பக்கத்தில் விரல் சீக்கிரம் நகர்கிறது, எங்கே திரும்பிப் போய்ப் படிக்கிறார்கள், எங்கே கைபேசியை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ‘நல்லா இருந்தது’ என்ற ஒரு பதில்தான் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொல்வது அது. ‘எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?’ என்று கேளுங்கள். நிறுத்தியிருப்பார் என்று நீங்களே எடுத்துக்கொண்டு கேட்பதால் அவருக்குக் கூச்சம் போய்விடும். உண்மை வரும்.

ஒரு முறை நான் இப்படிக் கேட்டபோது, ஒரு மாணவி தலையங்கத்தின் மூன்றாம் வரியில் விரலை வைத்தாள். அது நான் எழுதிய தலையங்கம். அவளுக்குப் புரியாத சொற்கள் அந்த வரியில் இரண்டு இருந்தன. வகுப்பில் பத்தாண்டுகளாக அந்தச் சொற்களைப் பிள்ளைகள் முன் பேசிக்கொண்டிருந்தேன், யாரும் கேட்டதில்லை. அன்று இரவே தலையங்கத்தைத் திருப்பி எழுதினேன்.

8. இதழ் வெளிவந்த பிறகு கருத்துக் கேட்க கூகுள் படிவம் நல்ல வசதி. பின்னட்டையில் கியூஆர் குறி ஒன்று அச்சிட்டால் போதும். கேள்விகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். முழுதாகப் படித்தது எது, பாதியில் விட்டது எது, அடுத்த இதழில் எதைப் பற்றிப் படிக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் கேட்கும் கேள்வி வேண்டாம். நாலரை நட்சத்திரம் வந்தால் நீங்கள் அடுத்த இதழில் என்ன செய்வீர்கள்?

நூலகத்திலும் உணவகத்திலும் தாள்பெட்டி ஒன்றும் வையுங்கள். கையில் கைபேசி இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், இருந்தும் டேட்டா தீர்ந்துபோன பிள்ளைகளும் இருக்கிறார்கள். திரையில் கேட்டால் திரையில் இருப்பவர்கள் மட்டுமே பேசுவார்கள். நூலக உதவியாளரிடமும் பேசுங்கள். எந்த இதழ் மேசையில் கசங்கிக் கிடக்கிறது, எது மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

9. திறந்தவர் எண்ணிக்கையும் படித்தவர் எண்ணிக்கையும் வேறு. இணைப்பை நானூறு பேர் திறந்ததாகக் கணக்குக் காட்டும். அதில் எத்தனை பேர் இரண்டாம் பக்கம் போனார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஏ4 அளவு பி.டி.எஃப்.ஐக் கைபேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் இரு விரலால் பெரிதாக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. அவர் கட்டுரை பிடிக்காமல் போகவில்லை, கை வலித்துப் போகிறார். கைபேசிக்கென்று தனிப்படி செய்யுங்கள். எழுத்தளவைக் கூட்டினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும் இபப் வடிவம் அதற்கு ஏற்றது. கட்டற்ற உரிமத்தில் நூல்களை வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று இறக்கிப் பாருங்கள்.

10. எல்லாக் கருத்துக்கும் தலையாட்டாதீர்கள். ஒருவர் சொன்னதைக் குறித்து வையுங்கள். ஒருவரையொருவர் அறியாத நாலு பேர் அதையே சொன்னால் மாற்றுங்கள். எழுத்து சிறியது, வாக்கியம் புரியவில்லை, தலைப்பு ஒன்று உள்ளே வேறு, இவற்றில் வாசகர் சொல்வதுதான் தீர்ப்பு. எதை எழுதலாம் என்பதில் அப்படி இல்லை. தன் அம்மா பீடி சுற்றும் கூலிக் கணக்கை ஒரு மாணவி ஒருமுறை எழுதித் தந்தாள். ஆயிரம் பீடிக்கு என்ன கிடைக்கிறது, இலையில் எவ்வளவு கழிகிறது என்று. பலர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், நகைச்சுவைப் பக்கம்தான் வேண்டும் என்றார்கள். ஆனால் பெட்டியில் பெயரில்லாமல் மூன்று சீட்டு விழுந்திருந்தது. எங்கள் வீட்டிலும் இதுதான் என்று மூன்றிலும் எழுதியிருந்தது. அந்த மூவருக்காக அந்தப் பக்கம் அடுத்த இதழிலும் தொடர்ந்தது. கூட்டத்துக்குப் பிடித்ததை மட்டும் கொடுக்க வணிக இதழ்கள் இருக்கின்றன.

11. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அடுத்த இதழில் அரைப்பக்கம் ஒதுக்கி, போன இதழைப் பற்றி என்ன சொன்னார்கள், அதில் எதை மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்று எழுதுங்கள். பிழை நேர்ந்திருந்தால் அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். தான் சொன்னது நடந்ததைப் பார்த்தவர் அடுத்த முறையும் சொல்வார். பதிலே வராத பெட்டியில் இரண்டாம் மாதம் மிட்டாய்த் தாள்தான் விழும்.

வாசகரிடம் நேரில் போகவும் கூச்சப்படாதீர்கள். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, கல்லூரி கல்லூரியாகத் தாமே புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு போனவர்.

12. படிவத்தில் கைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் கேட்காதீர்கள். உங்களுக்கு அவை எதற்கும் உதவாது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. முதலாமாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் உண்டு. மாணவியரின் படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் இணையப் பதிப்பில் போடவே போடாதீர்கள். அச்சில் வந்த படம் வளாகத்துக்குள் நிற்கும், இணையத்தில் போட்டது எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

13. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிய கட்டுரையை ஏற்காதீர்கள். பிழை குறைவாக, ஒழுங்காக இருக்கும். ஆனால் அதை எழுதியிருக்க வேண்டிய பிள்ளை எழுதப் பழகாமலே போகும். மாணவர் இதழ் நடத்துவதே அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

14. ஒவ்வோர் இதழிலும் இரண்டு பிரதி நூலகத்தில் முறையாகப் பதிவு செய்து வையுங்கள். மின்பதிப்பை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். யாழ்ப்பாணப் பள்ளிக்கூட மலர்கள் பல இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பது 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டம் அவற்றைத் தேடி மின்வருடி வைத்ததால். கோட்டையூர் ரோஜா முத்தையா துண்டுப் பிரசுரம்வரை சேர்த்து வைத்ததால்தான் சென்னையில் இன்று அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகம் இருக்கிறது. நீங்கள் செய்யப்போகும் பதினாறு பக்கமும் நாளை யாருக்காவது தேவைப்படும்.

முதல் இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அச்சில் அனுப்புங்கள். திரையில் நெடுநேரம் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. முழுக்கப் படித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்று எழுதி அனுப்புகிறேன்.