சந்தா கட்டியது யார்? பேசியது யார்?

சட்டம் போடுற இடத்துக்கு ஆள் அனுப்பி, "எங்களுக்குச் சாதகமா போடுங்க" என்று பேசுவதற்கு லாபி என்று பெயர். அது தப்பில்லை. யார் காசில் பேசுகிறார்கள் என்று மறைப்பதுதான் தப்பு.

அமெரிக்காவில் 1989-ல் எண்ணெய், நிலக்கரி, கார் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 'குளோபல் கிளைமேட் கோயலிஷன்' என்று ஒரு கூட்டணி அமைத்தன. பெயரைக் கேட்டால் பூமியைக் காப்பாற்றுகிற சங்கம் மாதிரி இருக்கும்! வேலையோ, கரியமில வாயுவைக் குறைக்கச் சட்டம் வராமல் தடுப்பது. பூமி சூடாவதற்கு மனிதன்தான் காரணம் என்பது நிச்சயமில்லை என்று வெளியே சொன்னார்கள். ஆனால் 1995-லேயே அவர்களுடைய சொந்த விஞ்ஞானிகள், இதன் அறிவியல் அடிப்படையை மறுக்கவே முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதம் ஒரு வழக்கில் வெளிப்பட்டு 2009-ல்தான் பத்திரிகையில் வந்தது. கூட்டணி 2002-லேயே கலைந்துவிட்டது. அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

"கம்பெனியே நேரா பேசலாமே, சங்கம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டேன். "சங்கம் பேசினா கம்பெனி பேரு கெடாதில்ல" என்றார்.

அதனால்தான் பங்குதாரர்கள் இப்போது, எந்தெந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுறீங்க, அது என்ன பேசுது, எழுதி வெளியிடுங்க என்கிறார்கள். ஷெல் கம்பெனி 2019-ல் 19 சங்கங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தை ஆதரிக்காத ஒரு சங்கத்திலிருந்து விலகியது. கொஞ்சம் முரண்பாடு உள்ளதாக அவர்களே எழுதிய இன்னும் 9 சங்கங்களில் அப்போது தொடர்ந்தது. எழுதி வைத்ததால்தான் நானும் கேட்க முடிகிறது: அந்த 9-ல் மட்டும் ஏன் இருந்தீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி