கையில் ஒரு பிரஷர், கண்ணில் ஒரு பிரஷர்

"பிரஷர் நார்மல்னு சொல்லிட்டாங்கம்மா, கண்ணுக்கு ஒண்ணும் வராது." மணலி புதுநகரில் பிபி மாத்திரை சாப்பிடும் பெரியவர்களிடம் இந்தத் தெம்பைப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலிலேயே கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்து மாத்திரையும் தருகிறது. அருமையான திட்டம். ஆனால் அந்தப் பட்டை கண்ணை அளப்பதில்லை.

பிபி, கண் அழுத்தம் இரண்டையும் பாதரச மில்லிமீட்டரில் சொல்வதால்தான் குழப்பம். கையில் 120/80 என்பது இரத்தம் குழாய்ச் சுவரைத் தள்ளும் விசை. கண்ணுக்குள் 10 முதல் 21 வரை என்பது, அங்கே ஊறி வடியும் நீரின் அழுத்தம். வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அது ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். இந்த நரம்புச் சேதம்தான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது; ஓரப் பார்வைதான் முதலில் போகும். புரையை ஆபரேஷன் செய்து பார்வையை மீட்பதுபோல, இதில் போன பார்வையை மீட்க வழியில்லை.

சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் நம் பகுதிகளில் நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வைப் படித்தபோது மனம் கனத்தது. கிராமப்புறத்தில் நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு அது இருப்பதே தெரியவில்லை. பலருக்குக் கண் அழுத்தமும் அளவுக்குள்தான் இருந்தது. அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. கண் பாப்பாவை விரித்து நரம்பையும் பார்க்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல், குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், இதைத் தள்ளிப்போடாதீர்கள். பரிசோதனைக்கு, 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

"அப்போ பிபிக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லையா?" இருக்கிறது, நாம் நினைக்கும் திசையில் அல்ல. பார்வை நரம்புக்கு இரத்தம் போய்ச் சேர, உடலின் அழுத்தம் கண்ணின் அழுத்தத்தை மீற வேண்டும். தூக்கத்தில் பிபி இயல்பாகவே இறங்கும். படுக்கப்போகும் நேரத்தில் வீரியமான மாத்திரையும் சேர்ந்தால் சிலருக்கு அது அளவுக்கு மீறி இறங்கி, நரம்பு பட்டினி கிடக்கலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; பக்கவாதமும் மாரடைப்பும் காத்திருக்கின்றன. கிளாக்கோமா இருப்பதை பிபி மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடும் இதய நோயாளிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "சொட்டு மருந்துதானே, கண்ணோடு போயிடும்" என்பார்கள். போகாது. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் வழியே இரத்தத்தில் கலக்கும். டிமோலால் என்ற சொட்டு மருந்து நாடித் துடிப்பைக் குறைக்கும், வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சு முட்ட வைக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் விரலால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். மருந்து கண்ணில் தங்கும். நெஞ்சுக்குப் போவது குறையும்.