பெயரும் களவு போகும்

களத்து நெல்லுக்குக் காவல் இருக்கவும், கொட்டில் மாட்டைக் கட்டி வைக்கவும் நம் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால், ஒருவருடைய பெயரும் எண்ணும் கைரேகையுங்கூடக் களவு போகக் கூடியவை என்பதை நம்மில் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை.

எங்கள் வட்டாரத்து மூதாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகை பெற முகவரிடம் சென்றார். "ரேகை சரியாகப் பதியவில்லை, பாட்டி, இன்னொரு தரம் வையுங்கள்" என்றார் முகவர். இரு முறை விரல் வைத்தார். ஒரு முறைக்குரிய பணமே கைக்கு வந்தது. வங்கியின் குறுஞ்செய்தி பேரனுடைய கைப்பேசிக்குச் சென்றது. அதை எவரும் படித்துச் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவர் எம்மிடம் வந்தபோது, "நான் வைத்த கையே என்னை ஏமாற்றிற்றே, ஐயா!" என்று கலங்கினார். வங்கியாரோ, "ரேகை உங்களுடையதுதானே?" என்றனர்.

ரேகையைப் படியெடுப்போரும் உளர். பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைக் கொண்டு செயற்கை அச்சுகள் செய்து, பிறர் பெயரில் ஒருவன் சிம் அட்டைகளை இயக்கியது 2018இல் தெலங்கானாவில் வெளிப்பட்டது. ஆகவே, முன்காப்பு இன்றியமையாதது.

முன்காப்பு முறைகள்

1. ஒவ்வொரு முறை விரல் வைத்த பின்னரும் இரசீது கேட்க வேண்டும். "பதியவில்லை" என்றால், அதற்கும் இரசீது பெற்ற பின்னரே மறுபடி வைக்க வேண்டும்.

2. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். இதற்குக் கைப்பேசி எண் ஆதாரில் பதிவாகியிருத்தல் வேண்டும்.

3. கூடுமானவரை, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்க வேண்டும். நகல் கொடுப்பின், எதற்காக, எந்நாளில் கொடுத்தோம் என்று அதன் மேல் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று.

4. நம் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் காணலாம். நம்முடையதல்லாத எண்ணைப் பற்றி அங்கேயே முறையிடலாம்.

5. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை, கேட்பவர் எந்த அதிகாரியானாலும் சொல்லலாகாது.

களவு போனபின் செய்ய வேண்டுவன

பணம் போனது தெரிந்த அக்கணமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதியாது சொன்னால், பணம் கைமாறுமுன் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு. பின்னர் வங்கியில் எழுத்து மூலம் முறையிட்டு, ஒப்புகை பெற வேண்டும். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த நெறியின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமல்லாத மோசடியை, வங்கியின் அறிவிப்புக் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வங்கியினுடையதே. 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நம் பெயரில் பிறர் கடன் வாங்கியிருத்தலும் கூடும். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை இலவசமாக முழு அறிக்கை தருகிறது. அதைப் பெற்றுப் பிழையிருப்பின் திருத்தக் கோர வேண்டும். பிறருடைய அடையாளத்தைத் திருடுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

நிற்க. அம்மூதாட்டியின் முறையீட்டை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். ஒரே நாளில் சில நிமிட இடைவெளியில் இரு முறை பணம் எடுக்கப்பட்டது கணக்கில் தெரிந்தது. தொகை திரும்பி வந்தது. ஆயினும், அவ்விடை நாட்களில் அவர் மருந்துக்குக் கடன்பட்டதை யார் ஈடு செய்வது?

அன்று எங்கள் அலுவலகத்தை நோக்கினேன். பயனாளிகளின் ஆதார் நகல்கள் திறந்த அலமாரியில் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. அன்றே அவற்றைப் பூட்டி வைத்தோம். மக்களுக்கு உபதேசிக்குமுன் நாம் செய்ய வேண்டுவது அது. வீட்டிலுள்ள இளைஞர்கள் பெரியோருக்கு வரும் குறுஞ்செய்திகளை நாள்தோறும் படித்துச் சொல்வார்களாயின், பாதிக் காவல் அங்கேயே அமைந்துவிடும்.