பழைய லேத், பழுதற்ற அளவு: வீட்டுப் பட்டறையில் படிப்படியாக

குத்துவிளக்கைத் துலக்குவதற்காகக் கழற்றினால் நான்கு துண்டுகள் கைக்கு வரும்: அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது மரை. கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே உள்ள நாச்சியார்கோவிலில், காவிரி வண்டலில் எடுத்த அச்சில் பித்தளையை வார்த்த பிறகு, அந்தத் துண்டுகளுக்கு வட்டத்தையும் மரையையும் தருவது லேத். கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையில் வேலைமுறை வேறு. அங்கே மெழுகில் உருவாகும் படிமம் உலோகமாகி, உளியாலும் அரத்தாலும் நிறைவு பெறுகிறது. இரண்டு ஊரின் பொருளுக்கும் புவிசார் குறியீடு உண்டு; இரண்டு ஊரிலும் தமிழக அரசின் பூம்புகார் கைவினை நிறுவனத்தின் உற்பத்தி நிலையம் உண்டு. உலோகத்தின் குணம் அறிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் வட்டாரத்தில், கொல்லைப்புறக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைச் சீர்செய்ய நினைப்பவருக்குத் துணை வெகு அருகில் இருக்கிறது.

காவிரி டெல்டாவுக்கு லேத் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் இயங்கிய தென்னிந்திய ரயில்வே பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு மாறியது. டர்னர், ஃபிட்டர் வேலைகளுக்கு அது பெரிய களம். ரைஸ் மில்லின் ஷாஃப்ட், ஆயில் இன்ஜினின் புஷ், பம்ப்செட்டின் இம்பெல்லர் என்று பழுதுபார்க்கும் லேத் பட்டறைகள் ஊருக்கு ஊர் நடந்தன. கோவை பி.எஸ்.ஜி., ஹரிஹரின் மைசூர் கிர்லோஸ்கர், 1953-இல் தொடங்கிய பெங்களூரு எச்.எம்.டி. ஆகியவற்றின் இயந்திரங்களும், பஞ்சாபின் பட்டாலாவில் செய்த பெல்ட் லேத்களும் இன்னும் பல பட்டறைகளில் நிற்கின்றன. பட்டறை மூடும்போது அவற்றில் பல, கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. அது பெரிய இழப்பு. லேத்தின் உயிர் பெட் என்ற அடித்தண்டவாளத்திலும், வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலிலும் இருக்கிறது. அவை இரண்டும் நல்ல நிலையில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் வீட்டிலேயே மீட்டுவிடலாம்.

1. விலை பேசும் முன் அளவு

டார்ச், டயல் கேஜ், ஃபீலர் கேஜ், ஒரு நோட்டு ஆகியவற்றோடு போக வேண்டும். பெட்டில் அதிகம் தேய்வது, ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக்கை ஒட்டிய ஓரடி நீளம். வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். கருவியைத் தாங்கி நகரும் கேரேஜை அந்த இடத்தில் வைத்து, கிப் என்ற இடைத்தகட்டை ஆட்டமில்லாமல் இறுக்கி, மறுகோடியில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். போகப் போக இறுகினால் பெட் தேய்ந்திருக்கிறது. லேசாக இறுகுவது எந்தப் பழைய லேத்திலும் இருக்கும். பாதி வழியில் நின்றுவிட்டால் அந்த லேத்தை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது ஸ்பிண்டில். அதன் மூக்கில் டயல் கேஜை வைத்து, வேலைப்பொருளைக் கவ்வும் சக்கில் பிடித்த கட்டையான கம்பியை மேலே தூக்கிப் பார்த்தால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். 0.02, 0.03 மி.மீ. என்றால் கவலையில்லை. 0.1 மி.மீ.-ஐத் தாண்டினால் பேரிங் அல்லது கன்மெட்டல் புஷ் செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

பிறகு பற்களை எண்ண வேண்டும். வேகத்தைக் குறைக்கும் பேக் கியரில் பல் உடைந்திருக்கிறதா, மாற்றுப் பல்சக்கரங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, பழைய லேத்களில் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால் 127 பல் உள்ள சக்கரம் ஒன்று கூட வந்தால், அந்த லேத் மெட்ரிக் மரையையும் துல்லியமாக வெட்டும். அழுக்கு மூட்டைக்குள் கிடக்கும் அந்தச் சக்கரத்தைத் தேடி எடுத்து வருவது கடைக்காரருக்கு வேலை, வாங்குபவருக்கு லாபம்.

2. ஏற்றி இறக்குதல்

நாலரை அடி லேத்தே பல நூறு கிலோ கனம். எடையின் பெரும்பகுதி ஹெட்ஸ்டாக் பக்கம் சாயும் என்பதால், டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். செயின் பிளாக்கின் பட்டையைப் பெட்டுக்கு அடியில் கொடுக்க வேண்டும். லீட் ஸ்க்ரூவிலோ ஸ்பிண்டிலிலோ பட்டை பட்டால் வளைந்துவிடும். தரையில் நகர்த்த இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டால் போதும். லேத் சாயத் தொடங்கினால் யாரும் கையால் தாங்கக் கூடாது. விலகி நிற்க வேண்டும்.

3. கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்பும் பின்பும் கைபேசியில் படம். ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி டப்பா, அதன் மேல் பெயர். ஷிம் என்ற மெல்லிய தகடுகள் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்பது நோட்டில் ஏற வேண்டும். ஸ்பிண்டில் பேரிங்கின் இறுக்கம் அவற்றில்தான் இருக்கிறது.

டேப்பர் பின் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருக்கும். சிறுத்த முனையில் தட்டினால் வெளியே வரும். மாறித் தட்டினால் இன்னும் இறுகும். அசையாத திருகுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பது, சுத்தியலை எடுப்பதைவிட நல்ல பலன் தரும்.

இறுகிப்போன சக்கைக் கழற்ற, பேக் கியரைப் பூட்டி ஸ்பிண்டிலை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. பேக் கியரின் பற்கள் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். மரை போட்ட சக் என்றால், பின்பக்கப் பெட்டுக்கும் சக்கின் ஜாவுக்கும் இடையே மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெல்ட்டைக் கையால் எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

4. துருவும் அழுக்கும்

எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த பிசுக்குக்கு டீசலும் பிரஷும் போதும். பெட்டின் வழுக்குமுகத்தில் எம்ரி தாளைத் தேய்க்கவே கூடாது. உதிரும் பொடி வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கி, பிறகு ஓடும் ஒவ்வொரு நாளும் அரைத்துக்கொண்டிருக்கும். அங்கே மேல்துருவை எண்ணெயில் நனைத்த பழைய பிளேடால் படுக்கையாகச் சுரண்டி எடுப்பதே முறை.

ஆழமாகத் துருப்பிடித்த சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு ஏற்றது. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும், நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்தவெளி தேவை. நேர்முனைக்கு எவர்சில்வர் தகட்டை வைத்தால் நச்சுள்ள குரோமியம் நீரில் கலக்கும், அது வேண்டாம். பித்தளைப் பெயர்ப்பலகைக்கும் எண்ணெய்க் கிண்ணங்களுக்கும் வீட்டுப் புளியே போதும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, முகக்கவசத்தோடு வேலை செய்ய வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

5. தேய்ந்ததை மாற்றுதல்

கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், ஸ்லைடு நகராமல் கைப்பிடி மட்டும் சுற்றும் தூரம் தெரியும். கால் சுற்றுக்கு மேல் வெறுமனே சுற்றினால் உள்ளே இருக்கும் நட் தேய்ந்திருக்கிறது. அந்த நட் கன்மெட்டலால் ஆனது: நூறில் 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம். வெள்ளீயம் அதற்கு உறுதியைத் தருகிறது. விளக்குப் பித்தளையில் நட் செய்தால் சீக்கிரம் தேயும். சிலை வார்க்கும் கலவையும் இதற்கு உகந்ததல்ல.

சுவாமிமலை வட்டாரத்தின் பலம் இந்த இடத்தில் தெரியும். நட்டின் வெளி வடிவத்தை எல்லாப் பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வைத்து மெழுகில் செதுக்கினால், சிலை வார்க்கும் அதே முறையில் கன்மெட்டலை ஊற்றி எடுக்கலாம். கூடுதல் பகுதியைக் கடைந்து நீக்கும்போது மேற்பரப்பின் குமிழ்த்துளைகளும் போய்விடும். உள்மரையை வேறொரு பட்டறையின் லேத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும்.

உடைந்த பல்லுக்குப் புதுச் சக்கரம் தேட வேண்டியதில்லை. உடைந்த இடத்தைச் சுத்தமாக்கி, பித்தளைக் கம்பியால் பிரேஸிங் செய்து மேடாக்கி, பக்கத்துப் பல்லை மாதிரியாக வைத்து அரத்தால் வடிவெடுக்கலாம். வார்ப்பிரும்பைச் சூடாக்குவதும் ஆறவிடுவதும் மெதுவாக நடக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும்.

6. பூட்டுதலும் எண்ணெயும்

பெயின்ட் அடிப்பது வார்ப்பின் வெளிமுகத்துக்கு மட்டும். வழுக்குமுகம், டேப்பர் துளை, எண்ணெய்த் துளை எல்லாவற்றையும் ஒட்டுத்தாளால் மூட வேண்டும். எண்ணெய்த் துளைகளில் பழைய பிசுக்கோ பெயின்டோ அடைத்திருந்தால், மெல்லிய கம்பியால் குத்தி, மறுபுறம் எண்ணெய் வருகிறதா என்று பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

பெட்டுக்கும் ஸ்லைடுகளுக்கும் 68 எண் வழுக்கு எண்ணெய். ஸ்பிண்டிலுக்கு 32 அல்லது 46 எண் எண்ணெய். வழுக்குமுகத்தில் கிரீஸ் தடவினால் உலோகத்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

கிப் திருகுகளை ஒரு கோடியிலிருந்து வரிசையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்லைடு முழுத் தூரமும் ஒரே கனத்தில் நகர்ந்தால் சரி.

7. மின்சாரம்

பழைய லேத்தின் மோட்டார் பெரும்பாலும் மும்முனை. வீட்டில் ஒருமுனை இணைப்பு மட்டும் இருந்தால், வி.எஃப்.டி. கருவி மூலம் ஓட்டலாம். ஒருமுனை வி.எஃப்.டி. 230 வோல்ட் மும்முனையைத்தான் தரும். ஆகவே மோட்டாரின் பெயர்ப்பலகை டெல்டா இணைப்புக்கு 230 வோல்ட்டை அனுமதிக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். எர்த் கட்டாயம். கரண்ட் போய்த் திரும்பும்போது லேத் தானாகச் சுழலத் தொடங்காதபடி, நோ-வோல்ட் சுவிட்ச் அவசியம். பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி போட வேண்டும்.

வேட்டி, தோளில் துண்டு, துப்பட்டா, கையுறை எதுவும் சுழலும் லேத்தின் அருகே கூடாது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்வது உயிருக்கே ஆபத்து; சாவியிலிருந்து கையை எடுக்கும் முன் சாவி வெளியே வந்துவிட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் வேண்டும்.

8. முறுக்கு எடுத்தல்

கனமான வார்ப்பும் முறுக்கிக்கொள்ளும். ஒரு கால் குட்டையான கட்டிலைப் போல, தரை சமமில்லாத இடத்தில் லேத்தின் பெட் கண்ணுக்குத் தெரியாமல் திருகி நிற்கும். அப்படி நிற்கும் லேத் உருளையைக் கூம்பாகக் கடையும். ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் துல்லிய மட்டம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இரண்டு வளையச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

சுமார் 30 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து, 120 மி.மீ. வெளியே நீட்டி விட வேண்டும். டெயில்ஸ்டாக் தாங்கல் வேண்டாம். நடுப்பகுதியைக் குறைத்து, இரு கோடிகளிலும் வளையம் போல மேடு விட்டு, கருவியை மாற்றாமல் ஒரே மெல்லிய வெட்டில் இரண்டையும் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒத்துப்போனால் பெட் நேர். டெயில்ஸ்டாக் பக்க வளையம் பெரிதாக இருந்தால், அந்தக் கோடியில் வேலை செய்பவர் நிற்கும் பக்கத்துக் காலுக்கு ஷிம் கொடுத்து உயர்த்த வேண்டும். சிறிதாக இருந்தால் பின்பக்கக் காலை உயர்த்த வேண்டும். வித்தியாசம் 0.01 மி.மீ.-க்குள் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும். டெயில்ஸ்டாக்கை நேராக்குவது இதற்கு அடுத்த வேலை. முன்கூட்டிச் செய்தால் மறுபடி செய்ய நேரும்.

9. முதல் வேலை

லீட் ஸ்க்ரூ, ஸ்லைடு, மாற்றுப் பல்சக்கரம் மூன்றையும் ஒரே இயந்திரத்தில் இணைத்து, 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டும் லேத்தை அமைத்தார். இன்றைய கொல்லைப்புற லேத்திலும் அதே ஏற்பாடுதான். மரை வெட்டும் வேலையே அதன் சரியான பரீட்சை. தேய்ந்த மரையுள்ள குடும்ப விளக்கு பல வீடுகளில் உண்டு; அதைப் புதுப்பிப்பதையே முதல் வேலையாக எடுக்கலாம். அதற்கு முன் துண்டுப் பித்தளையில் பழக வேண்டும். பித்தளைக்குக் கருவியின் மேல்முகம் சரிவில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். எஃகுக்குத் தீட்டிய சரிவோடு போனால் பித்தளை கருவியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்டின் தேய்ந்த மரையைக் கடைந்து நீக்கி, மேலே பித்தளை வளையம் ஏற்றிப் பற்றவைத்து, மரை கேஜில் பார்த்த பழைய அளவிலேயே புது மரை வெட்டலாம். அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் கருவியை வெளியே இழுத்து, மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டித் தொடக்கத்துக்கு வர வேண்டும்.

10. மழைக்காலத்துக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன், கழிவுத்தூளை முழுக்கத் துடைத்து, வெளியே தெரியும் இரும்பிலெல்லாம் கெட்டியான எண்ணெய் பூச வேண்டும். மூடுவதற்குப் பருத்தித் துணிதான் ஏற்றது. பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். நனைந்த சாக்கு அதைவிட மோசம். வெள்ளம் ஏறக்கூடிய கொட்டகையில் மோட்டாரையும் சுவிட்சையும் உயரத்தில் பொருத்துவது நல்லது. டெல்டாவின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். மேலே போட்ட சிமென்ட் தரையும் அதோடு அசையும். எனவே தை பிறந்து தரை காய்ந்ததும் இரண்டு வளையச் சோதனையை மறுபடி எடுத்து, அளவுகளை அதே நோட்டில் தேதியோடு எழுதி, ஷிம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.