அடுப்பு வைக்கக் கூடாத அறையில்

மதுரை சிம்மக்கல் பக்கம் நான் குடியிருக்கும் மாடி அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. காலையிலும் இரவிலும் சமைக்காத உணவை நான் சாப்பிடத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்ற கொள்கையெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்குப் போய்விடுவதால், கையில் நிற்கும் காசுக்குள் வயிறு நிறைந்தாக வேண்டும்.

இயற்கை உணவு பற்றிப் பேசுகிறவர்கள் பாதாம், அத்திப்பழம், ஆப்பிள் என்று அடுக்கும்போது ஒரு விஷயத்தைத் தொடுவதே இல்லை. நம் ஊரில் மலிவான சாப்பாடு எல்லாமே நெருப்பைக் கேட்பது. ரேஷனில் அரிசி 2011 முதல் இலவசம். ஆனால் அரிசியைப் பச்சையாக மென்று ஒருவன் உயிர்வாழ முடியாது. அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். பச்சை உணவு போட்டி போட வேண்டியது இந்த 5 ரூபாயோடு. அதனால் மதியச் சோற்றை நான் விடவில்லை. பெரும்பாலும் அம்மா உணவகம், சம்பளம் வந்த வாரத்தில் மெஸ்ஸில் முட்டையோடு. மூன்று வேளையும் பச்சையாகவே என்பது வசதி உள்ளவர்களுக்கான விரதம் என்பது என் கணிப்பு.

மற்ற இரண்டு வேளைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒரு ரூபாய்க்கு எத்தனை கலோரி. வேர்க்கடலைப் பருப்பு கிலோ 140 ரூபாய் என்றால் ரூபாய்க்கு 40 கலோரி. வாழைப்பழம் கிலோ 60 ரூபாய் என்றால், தோலைக் கழித்து 10. பாதாம் 900 ரூபாய்க்கு வாங்கினால் 6 சொச்சம். ஆப்பிள் 200 ரூபாய்க்கு வாங்கினால் 3கூடத் தேறாது. வெள்ளரிக்காய் மலிவுதான், ஆனால் 100 கிராமில் 15 கலோரிதான் இருக்கிறது. 2,000 கலோரிக்கு 13 கிலோ தின்ன வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தட்டு நிறையக் காய் நறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, இரவு பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் புரோட்டாக் கடைக்குப் போவது இதனால்தான். காய் ருசிக்கும் சத்துக்கும். பசிக்குக் கடலை, தேங்காய், பழம்.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் அடித்துவிடுவது அவல். கிலோ 70 ரூபாய்க்குக் கிடைத்தால் ரூபாய்க்கு 50 கலோரி. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் ஆகிறது. ஆகவே அது பச்சை உணவே இல்லை என்று சண்டைக்கு வருகிற நண்பர் ஒருவர் உண்டு. அவர் சொல்வது சரிதான். என் அறையில் நெருப்பு இல்லாமல் இறங்குகிறதா என்பது மட்டும்தான் என் கேள்வி. கெட்டி அவலைத் தண்ணீரில் அலசி அரை மணி நேரம் ஊறவிட்டு, தேங்காய்த் துருவலும் நறுக்கிய வாழைப்பழமும் சேர்த்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. எலுமிச்சை, பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு போட்டால் அதுவே இரவுக்கு.

வேர்க்கடலையை இரவில் ஊறவைத்தால் காலையில் தேங்காய்ப் பத்தை போல மெல்ல வரும். வாங்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது இருக்கிறதா பாருங்கள். வாயில் ஒன்று கசந்தால் துப்பிவிடுங்கள். பூஞ்சைக் கடலையில் உண்டாகும் அஃப்லடாக்சின் ஈரலைக் கெடுப்பது. ஊறவைத்தாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது. மலிவு என்று உடைசல் கடலை வாங்குவதில்லை.

பச்சைப்பயறு முளைகட்டுவதில் ஒரு மாயம் உண்டு. 50 கிராம் பயறு தண்ணீர் குடித்து ஒரு கிண்ணம் நிறைந்துவிடும். பார்க்க நிறைய, உள்ளே இருப்பது அதே 50 கிராமின் 170 கலோரிதான். அதனால் ஊறவைக்கும் முன்பே அளந்துவிடுவேன். காலையில் ஊறப்போட்டு, இரவு வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், மதுரை வெயிலுக்கு மறுநாள் காலையில் முளை எட்டிப் பார்க்கும். இடையில் ஒருமுறை அலசுவது அவசியம். வால் நீளட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குளிர்பெட்டி இல்லாத அறையில் அது புளிக்கத் தொடங்கிவிடும். வழவழப்போ வாடையோ வந்தால் குப்பைக்கூடைதான். முளைக்கு வேண்டிய ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலி தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி விதையோடு வந்தது என்றுதான் விசாரணை முடிந்தது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் முளைப்பயறை ஆவியில் வேகவைத்தே சாப்பிடட்டும்.

காய்க்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999இல் மதுரை அண்ணா நகரில் திறந்ததுதான். விலைப்பலகையைப் பார்த்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி, கடை கட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாங்குவது என் வழக்கம். மிஞ்சியதைக் கூறு கட்டித் தள்ளுவார்கள். அதிகம் கனிந்த வாழைப்பழம், முத்தல் வெள்ளரி, கோணல் கேரட் எல்லாம் எனக்கு லாபம். முத்தல் வெள்ளரியைக் கீறி விதையைச் சீவிவிட்டால் சதை நன்றாகவே இருக்கும். கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறு.

வழக்கமாகக் காய் வாங்கும் அக்கா ஒருநாள் புடலங்காயைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏந்தம்பி, இதையுமா பச்சையாத் திங்கப் போறீக?"

"பிஞ்சா இருந்தா நல்லாத்தான் இருக்குக்கா."

"அப்ப மொதல்ல நுனியக் கடிச்சுப் பாருங்க. கசந்துச்சுன்னா தூக்கிப் போட்டுருங்க."

படித்தவர்களும் கவனிக்காத எச்சரிக்கை அது. கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிர் போயிருக்கிறது. சுரை, புடலை, பீர்க்கு, வெள்ளரி எதுவானாலும், இயல்பாக இல்லாத கசப்பு இருந்தால் ஒரு துண்டோடு நிறுத்திவிட வேண்டும். பச்சையாகத் தொடவே கூடாதவை வேறு உண்டு: மரவள்ளிக்கிழங்கில் சயனைடு இருக்கிறது, சேனையும் சேம்பும் தொண்டையை அரிக்கும், ராஜ்மாவும் மொச்சையும் நன்றாக வெந்தே ஆக வேண்டும். முட்டைக்கோஸ் இதழ்களுக்குள் புழு முட்டை ஒளிந்திருக்கலாம் என்பதால் அதையும் நான் பச்சையாகச் சாப்பிடுவதில்லை.

முழுக்கப் பச்சை உணவுக்கு மாறச் சொல்லும் நண்பரிடம் நான் காந்தியை இழுப்பேன். 1929இல் அவர் முளைகட்டிய கோதுமை, பாதாம் விழுது, பச்சைக்கீரை, எலுமிச்சை, தேன் என்று சமைக்காத உணவில் இறங்கினார். சில மாதங்களில் சீதபேதி வந்து அதை நிறுத்த வேண்டியதாயிற்று. நண்பர் இயற்கை உணவை வலியுறுத்தும் தென்காசிப் பக்கத்துச் சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்தைப் பதிலுக்கு இழுப்பார். வாதம் முடியாது. தாவர உணவில் பி12 கிடைக்காது என்பதும், நீண்ட காலம் பச்சை உணவிலேயே இருந்தவர்களை வைத்து ஜெர்மனியில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்குத் தடைப்பட்டிருந்தது என்பதும் எனக்குப் போதுமான காரணங்கள். என் மதிய முட்டையும் தயிரும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மாதம் முழுக்க ஒரே பட்டியல் வைத்துக்கொண்டால் செலவு ஏறிவிடும். தேங்காய் விலை எகிறினால் கடலையைக் கூட்டுவேன். கோடையில் நுங்கும் வெள்ளரியும், ஆனி வாக்கில் விலை இறங்கும் மாம்பழமும், ஆயக்குடிக் கொய்யா வரத்து கூடும்போது கொய்யாவும். நெல்லிக்காய் வரும் காலத்தில் எலுமிச்சைச் செலவு மிச்சம். பயறிலும் கடலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இரண்டில் ஒன்று கூட இருப்பது நல்லது. ஐப்பசி மழையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வரும். அந்த வாரங்களில் முளைகட்டுவதும் இல்லை, கீரை வாங்குவதும் இல்லை. தோல் உரித்துத் தின்னும் பழமும், கேன் தண்ணீரில் ஊறிய அவலும்தான்.